கோழிக்கூட்டுக்குள் கீரியும் மரநாயும் நுழையாமல் இருக்க

விடியக் கூட்டைத் திறக்கும்போது இரண்டு பேடுகள் செத்துக் கிடந்தால், வந்தது எது என்று தெரியும்வரை ஒரு பலகையும் அடிக்க வேண்டாம். மரநாய் மேலால் வரும். கீரி கீழால் வரும். பாம்பு எலி போன வழியால் வரும். மேலால் வந்ததற்கு நிலத்தில் கல் அடுக்கினால் அடுத்த இரவும் இழப்புத்தான். ஆகவே செத்த கோழியைப் புதைக்குமுன் புரட்டிப் பாருங்கள், கூட்டைச் சுற்றி ஒருமுறை மெதுவாக நடந்து பாருங்கள்.

வந்தது எது?

கீரி பகலில் திரியும் பிராணி. காலை வெயில் ஏறும் நேரமும் பின்னேரமும்தான் அதற்கு வேட்டை நேரம். கழுத்திலோ மண்டையிலோ கடி இருக்கும், உடம்பு பெரும்பாலும் முழுதாகக் கிடக்கும். அடைபட்ட இடத்துக்குள் புகுந்தால் தின்னக்கூடியதைவிட அதிகமாகக் கொல்லும். முட்டையைக் கல்லிலோ சுவரிலோ பின்பக்கமாக எறிந்து உடைத்துக் குடிப்பதால், கூட்டுக்கு வெளியே ஒரு கல்லடியில் கோது சிதறிக் கிடந்தால் கீரியைச் சந்தேகிக்கலாம்.

மரநாய்க்கு இரவுதான் வேலை. பனையிலும் வீட்டு முகட்டிலும் பகலில் தூங்கிவிட்டு இருட்டியபின் இறங்கும். தலை, கழுத்து, குடல் ஆகியவற்றைத் தின்றுவிட்டு மிச்சத்தை விட்டுப்போகும். கூரையில் கிடுகு விலகியிருக்கிறதா, ஓடு தூக்கியிருக்கிறதா என்று பாருங்கள். மதில் மேலோ கூரையிலோ பழக்கொட்டைகள் நிறைந்த எச்சம் கிடந்தால் வேறு சாட்சி தேவையில்லை.

நாய் வந்த இடம் போர்க்களம் மாதிரி இருக்கும். இறகு வளவெங்கும் பறக்கும், கோழிகள் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கடிபட்டுக் கிடக்கும், தின்றது கொஞ்சமாகத்தான் இருக்கும். நரி அப்படி விட்டுப்போகாது, தூக்கிக்கொண்டு போய்விடும். யாழ்ப்பாணத்தில் தென்மராட்சி வயற்கரைகளிலும் வடமராட்சி கிழக்குப் பற்றைகளுக்குப் பக்கத்திலும் இருப்பவர்கள் அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். வலிகாமத்து நெருக்கமான குடிமனைகளில் நரியைவிட அயல் நாயும் பூனையும்தான் தொல்லை.

இரத்தமும் இறகும் இல்லாமல் முட்டையோ குஞ்சோ காணாமல் போனால் பாம்பு. பெரும்பாலும் சாரை, சிலவேளை நாகம். செத்த குஞ்சின் தலையும் தோளும் மட்டும் நனைந்து ஒட்டியிருந்தால், பாம்பு விழுங்கப் பார்த்து முடியாமல் கக்கியிருக்கிறது. குஞ்சுகளின் கால் கடிபட்டிருந்தால், அல்லது பாதி தின்ற குஞ்சு ஒரு வளைப்பக்கம் இழுபட்டிருந்தால், எலி அல்லது அகழான். பகலில் முட்டை போய், கூட்டடியில் நகத்தால் கிண்டிய தடம் இருந்தால் உடும்பு. பெரிய கோழியின் கால் விரலோ தொடையோ மட்டும் பிய்ந்திருந்தால் எதுவும் உள்ளே வரவேயில்லை, வலைக்கு வெளியே நின்றே பிடித்து இழுத்திருக்கிறது. இந்தக் கடைசிக் காயத்தைக் கோழிகள் தமக்குள் கொத்திக்கொண்டதாகப் பலர் தவறாக எடுக்கிறார்கள். அப்படி எடுத்தால் ஓட்டை அப்படியே இருக்கும்.

எல்லாக் கோழியும் ஒரே இரவில், சத்தமில்லாமல், தாழ்ப்பாளும் ஒழுங்காகப் பூட்டிய நிலையில் போனால் வந்தது இரண்டு கால் உள்ளது. அதற்கு மருந்து ஆமைப்பூட்டு.

இரவுக் கூடு

ஊர்க்கோழி வைத்திருப்பவர்கள் பலர் அவற்றை மா மரத்திலும் வேம்பிலும் ஏறிப் படுக்க விடுகிறார்கள். நாய்க்கு அது எட்டாது, உண்மைதான். மரநாய்க்கு அது சாப்பாட்டு மேசை. இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது, பறந்து தப்பவும் மாட்டாது. கூட்டுக்குப் பழக்க 5 முதல் 7 நாள் முழுநேரமும் உள்ளேயே அடைத்துத் தீனியும் தண்ணீரும் வையுங்கள். பிறகு பின்னேரத் தீனியை எப்போதும் கூட்டுக்குள் மட்டும் போடுங்கள். அதற்குப் பிறகும் ஒன்றிரண்டு பிடிவாதமாக மரம் ஏறும். பொழுதுபட்டபின் ரோச் லைட் பிடித்து இறக்கி உள்ளே விடுங்கள். நாலைந்து இரவில் அவையும் வழிக்கு வரும்.

எட்டுப் பேட்டுக்கு 6 அடி நீளம், 4 அடி அகலம் போதும். ஒரு கோழிக்கு 3 சதுர அடி வரும். தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில், நாலு மூலையிலும் நீளப்பக்க நடுவிலுமாக ஆறு கால்களில் நிறுத்துங்கள். சுவர் முன்பக்கம் நாலரை அடி, பின்பக்கம் மூன்றரை அடி. அப்போது மழைத்தண்ணீர் பின்னால் ஓடும். சுவரின் கீழ் ஒன்றரை அடி பலகையாகவோ தகரமாகவோ அடைத்திருக்க வேண்டும், அதற்கு மேலே வலை. கீழ்ப்பகுதியை அடைப்பது அழகுக்கு அல்ல. வெளியில் நின்று கையைவிட்டு இழுக்கும் பிராணிக்கு உள்ளே இருப்பது தெரியவும் கூடாது, எட்டவும் கூடாது.

வலையில்தான் அதிகம் ஏமாறுகிறோம். அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய கோழிவலை கோழியை உள்ளே வைத்திருக்கச் செய்தது, நாயையோ கீரியையோ வெளியே நிறுத்தச் செய்தது அல்ல. நாய் அதைப் பல்லால் கிழிக்கும், எலி கண்ணுக்குள்ளால் போகும். வேண்டியது அரை அங்குலச் சதுரக் கண்ணுள்ள, ஒட்டுப்போட்ட (வெல்டிங் செய்த), நாகப்பூச்சுள்ள (கல்வனைஸ்) கம்பிவலை. ஒட்டுப்போட்ட பிறகு நாகம் பூசியதா என்று கடையில் கேட்டு வாங்குங்கள். முதலில் பூசிப் பிறகு ஒட்டினால் ஒவ்வொரு சந்தியிலும் பூச்சு எரிந்துபோயிருக்கும், நம் உப்புக்காற்றில் அந்தச் சந்திகள்தான் முதலில் துருப்பிடிக்கும். கரையோர ஊர்களிலும் தீவகத்திலும் இருப்பவர்களுக்குப் பிளாஸ்ரிக் பூச்சுள்ள வலை கூடுதல் காலம் நிற்கும்.

அளவு: 3 அடி அகல உருளையில் சுவர்களுக்கு 20 அடி, அடித்தளத்துக்கு 8 அடி, கூரைக்குக் கீழே 9 அடி. கதவுக்கும் மேலொட்டுக்கும் சேர்த்து 42 அடி வாங்கினால் குறையாது. கூரைக்குக் கீழே வலை எதற்கு என்று கேட்டுச் செலவை மிச்சம் பிடிக்க வேண்டாம். கிடுகுக் கூரையை மரநாய் இரண்டு நிமிடத்தில் விலக்கும், ஓட்டைத் தூக்கும். கிடுகோ பனையோலையோ வேயுமுன் அதன் கீழே வலையை இழுத்து அடித்துவிட்டால், கூரை உக்கினாலும் கூடு திறபடாது. தகரக் கூரை போடுபவர்கள் அலை அலையாக இருக்கும் அந்த மடிப்புகளைப் பாருங்கள். சுவர்ச் சட்டத்துக்கும் தகரத்துக்கும் இடையில் ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு வாசல் இருக்கிறது. எலிக்கும் பாம்புக்கும் அது தாராளம். வலைத் துண்டைச் சுருட்டித் திணித்து ஆணி அடியுங்கள், அல்லது சீமெந்துச் சாந்தால் அடையுங்கள்.

வலையைச் சட்டத்தின் வெளிப்பக்கத்தில் அடிக்க வேண்டும். வெளியிலிருந்து தள்ளும்போது வலை சட்டத்தில் அழுந்தும். உள்ளே அடித்தால் அதே தள்ளில் ஆணி கழன்றுவிடும். முக்கால் அங்குல யூ ஆணியை 2 அங்குலத்துக்கு ஒன்றாக அடித்து, அதன் மேல் ஒரு மரச் சிலாகையை வைத்து 6 அங்குலத்துக்கு ஒரு திருகாணி இறுக்குங்கள். சிலாகை இல்லாத வலையின் ஓரம் ஒரு வருடத்தில் தளர்ந்து தொங்கும், கீரி தேடுவது அந்த ஓரத்தைத்தான்.

அடித்தளத்துக்குப் பனஞ்சிலாகை நல்லது. இரண்டு சிலாகைக்கு இடையில் அரை அங்குலம் விட்டால் எச்சம் விழும், விரல் சிக்காது. அதன் கீழ்ப்பக்கத்திலும் வலை வர வேண்டும். இடைவெளி ஓர் அங்குலத்தைத் தாண்டினால் வந்த பிராணி கூட்டுக்குக் கீழே நின்றே கோழியின் காலைக் கடிக்கும். கோழி படுக்கும் தடியைச் சுவரோரமாகப் போடாதீர்கள். எந்தப் பக்க வலையிலிருந்தும் ஓர் அடி உள்ளே தள்ளி, அடித்தளத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் போடுங்கள்.

கால்களைச் சுற்றி ஒன்றரை அடி உயரத்துக்கு வழுவழுப்பான தகரம் சுற்றினால் எலிக்கும் பாம்புக்கும் பிடி கிடைக்காது. ஆனால் கூட்டோடு ஒரு கிளுவைக் கொப்போ உடுப்புக் காயப்போடும் கயிறோ முட்டிக்கொண்டிருந்தால் அந்தத் தகரத்தால் பயன் இல்லை. சுற்றிலும் 3 அடிக்கு ஒன்றும் சாத்தியிருக்கக் கூடாது, மேலே தொங்கும் கொப்பை 6 அடிக்காவது வெட்டிவிடுங்கள். எறும்புக்காகக் காலடியில் தகரப் பேணி வைப்பவர்கள் அதில் தண்ணீர் ஊற்றாதீர்கள், டெங்கு நுளம்பு பெருகும். பழைய என்ஜின் ஒயில் இரண்டு அங்குலம் போதும்.

கதவுக்கு மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு தாழ்ப்பாள். ஒரே தாழ்ப்பாள் நடுவில் இருந்தால் கீழ் மூலை வளைந்து கொடுக்கும், நாய் மூக்கை நுழைத்துப் பெரிதாக்கும். கொழுக்கி மாட்டும் வகை மட்டும் போதாது, அசைத்தால் கழன்றுவிடும்.

ஒன்றைக் கவனியுங்கள். பயத்தில் நாலு பக்கமும் தகரம் அடித்து மூடியவர்கள் சித்திரை, வைகாசி வெயிலில் கோழிகளை வெக்கையில் இழக்கிறார்கள். மேலே வலை திறந்திருக்கட்டும். மாரியில் வாடைக்காற்றோடு வரும் சாரலுக்கு வடகிழக்குப் பக்கம் மட்டும் உரபாக்கோ தறப்பாளோ தொங்கவிடுங்கள்.

கல்நிலமும் மணல்நிலமும்

தரையோடு அமைந்த பகல் அடைப்பு வைத்திருப்பவர்களுக்கு, வலையை ஓர் அடி ஆழம் புதைக்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். வலிகாமத்தின் பல வளவுகளில் செம்மண்ணைக் கொஞ்சம் கிண்டியதும் சுண்ணாம்புக்கல் முட்டும், அலவாங்கு போட்டாலும் இறங்காது. இறக்கத் தேவையும் இல்லை. வலையைச் சுவரடியில் வெளிப்பக்கமாக மடித்து, 2 அடி அகலத்துக்குத் தரையில் படுக்கவிட்டு, மேலே கல் அடுக்கி மண் போடுங்கள். கிண்டும் பிராணி சுவர் ஓரத்தில் கிண்டிப் பார்க்கும், வலை முட்டும், பக்கத்தில் போய் மறுபடி கிண்டும். இரண்டடி பின்னால் போய்ச் சுரங்கம் தொடங்க அதற்குத் தோன்றாது. ஒரு பருவ மழைக்குப் பிறகு புல் முளைத்து வலை நிலத்தோடு இறுகிவிடும்.

வடமராட்சி கிழக்கு மாதிரி மணற்பாங்கான இடங்களில் இரண்டையும் செய்யுங்கள். ஓர் அடி நேராக இறக்கி, அடியில் ஓர் அடி வெளியே மடியுங்கள். மணல் காற்றில் அரிபடும்போது புதைத்த வலையும் வெளியே தெரியத் தொடங்கும். மாதம் ஒருமுறை பார்த்து, அதன் மேல் கல் அடுக்க வேண்டும்.

கிடுகு வேலி கண்ணை மறைக்கும், அதனால் நாயின் ஆசையைக் குறைக்கும். கீரிக்கு அது வேலியே அல்ல. அடியில் கருக்குமட்டையை நெருக்கமாக நட்டு, உள்பக்கம் 2 அடி உயரத்துக்கு வலை கட்டினால் பரவாயில்லை. நாய்ப் பொட்டுகளை, அதாவது வேலியில் நாய் நுழையும் ஓட்டைகளை, ஒவ்வொன்றாகத் தேடி அடையுங்கள். ஒரு பொட்டை அடைத்தால் நாய் அதே வாரத்தில் அடுத்ததைத் திறக்கும் என்பதால் ஒரே நாளில் சுற்றி முடிப்பது நல்லது.

குஞ்சும் வானமும்

முதல் 4 வாரம் குஞ்சை வளவில் தாயோடு திறந்துவிடுவது காகத்துக்கும் பருந்துக்கும் படையல் வைப்பது போல. பெரிய கோழியைப் பருந்து அனேகமாகத் தொடாது, குஞ்சைத்தான் கவ்வும். செம்பருந்தைக் கண்டால் கருடன் என்று கும்பிடுகிற ஊர் இது. அதை அடிக்க யாரும் கல் எடுக்கப் போவதில்லை, எடுக்கவும் வேண்டாம், மேலே மறைப்பு இருந்தால் போதும்.

குருநகர், மயிலிட்டி, பருத்தித்துறைப் பக்கம் கழித்த மீன்வலை கிடைக்கும். தலையில் முட்டாத உயரத்தில், 7 அடிக்கு, கம்பி இழுத்து அதன் மேல் வலையை நன்றாக விறைப்பாகக் கட்டுங்கள். தொய்ந்த வலையில் பறவை சிக்கிச் செத்துப்போகும், நிலத்தில் இழுபடும் வலையில் பாம்பு சிக்கி உங்கள் காலுக்கே ஆபத்தாகும். நைலோன் வெயிலில் நொந்துபோகும், கையால் இழுத்து அறுந்தால் மாற்றுங்கள். வலை கிடைக்காவிட்டால் தூண்டில் நரம்பை ஓரடிக்கு ஒன்றாகக் குறுக்கும் நெடுக்கும் இழுத்தாலும் பருந்து இறங்கத் தயங்கும், காகம் அவ்வளவு தயங்காது. பழைய சீடித் தட்டுத் தொங்கவிடுவதும் கறுப்புப் பை கட்டுவதும் சில நாளுக்குத்தான். இடத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் இன்னும் கொஞ்சம் இழுக்கலாம்.

செவ்வரத்தை, கறிவேப்பிலை போன்ற தாழ்ந்த செடிகளை அடைப்புக்குள் விட்டுவையுங்கள். சேவல் வானத்து எதிரிக்கு ஒரு குரலும் நிலத்து எதிரிக்கு வேறொரு குரலும் கொடுக்கும். முதலாவது குரல் கேட்டதும் குஞ்சுகள் ஓடி ஒளிய ஓர் இடம் வேண்டுமே.

அடைக்கோழி, முட்டை, பாம்பு

அடைக்கோழி 21 நாள் ஓரிடத்தில் அசையாமல் இருக்கும். குசினிக்குப் பின்னால், விறகடியில் அது தானாகத் தேடிக்கொண்ட இடத்தில் விட்டால் பாதி அடை கூட வெளிவராது. பழைய கடகத்தில் மணலும் வைக்கோலும் போட்டு 10 முதல் 12 முட்டை வைத்து, கூட்டுக்குள் தனியாக வலை அடித்த ஒரு மூலையில் இருத்துங்கள். நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் தீனிக்கு இறக்கி மீண்டும் அடையுங்கள். பொரிக்கும் நாளில் எறும்பைக் கவனிக்க வேண்டும். ஓடு கீறி மூக்கு வெளியே வந்த குஞ்சைச் சிற்றெறும்பு உயிரோடு தின்னும். கடகத்தைச் சுற்றிச் சாம்பல் தூவி, 20 ஆம் நாளிலிருந்து காலை மாலை பாருங்கள்.

பாம்பைத் துரத்த வெள்ளைப்பூடு, பினோயில், கந்தகம் என்று ஊற்றுவதை நம்பியிருக்க வேண்டாம். பாம்பு வருவது எலிக்காக, எலி வருவது சிந்திய தீனிக்காக. ஒரு பேட்டுக்கு நாளுக்கு 100 முதல் 120 கிராம் தீனி போதும். அரை மணி நேரத்தில் முடியும் அளவுக்குப் போட்டு, இரவில் தட்டில் ஒன்றும் மிச்சம் வைக்காதீர்கள். தீனியை மூடியுள்ள பரலில் வையுங்கள், உரபாக்கை எலி ஓர் இரவில் ஓட்டையாக்கும். முட்டையைப் பகல் பன்னிரண்டு மணிக்கும் பின்னேரமும் எடுத்துவிடுங்கள். கூட்டுக்குப் பக்கத்தில் ஊமல், கொக்கறை, பழைய கிடுகு, ஓடு எதையும் குவிக்க வேண்டாம்.

ஐப்பசி முதல் மார்கழி வரை மழை வெள்ளம் வளைகளை நிரப்பும்போது பாம்பும் அகழானும் உயர்ந்த, உலர்ந்த இடம் தேடும். உங்கள் கூடு அப்படிப்பட்ட இடம். இந்த மாதங்களில் முட்டைப் பெட்டிக்குள் பார்க்காமல் கை வைக்காதீர்கள், பகலிலும் வெளிச்சம் பிடித்துப் பாருங்கள். அரை அங்குல வலைக்குள்ளால் எப்படியோ நுழைந்த மெலிந்த பாம்பு முட்டையை விழுங்கியபின் வெளியேற முடியாமல் உள்ளேயே சுருண்டு கிடக்கும். நாகமோ புடையனோ சுருட்டையோ கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது ஒன்றும் வேண்டாம். கடிபட்ட இடத்தை அசைக்காமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைத்து உடனே அரச வைத்தியசாலைக்குப் போங்கள்.

திறக்கும் நேரம், அடைக்கும் நேரம்

எவ்வளவு நல்ல கூடானாலும் ஒரு பின்னேரம் அடைக்க மறந்தால் போதும். காலையில் எட்டு மணிக்குப் பிறகு, வளவில் ஆள் நடமாட்டம் தொடங்கிய பின் திறந்துவிடுங்கள். மாரியில் ஆறு மணிக்கு முன்னரே இருட்டத் தொடங்கும், சோளகக் காலத்தில் ஆறரை வரை வெளிச்சம் இருக்கும். கடிகாரத்தைப் பார்க்காமல் வெளிச்சத்தைப் பாருங்கள். அடைக்கும்போது எண்ணுங்கள். குறைந்த ஒன்றை இருட்டுமுன் தேடினால் கிடைக்கும், விடியத் தேடினால் இறகுதான். கலியாண வீடு, திருவிழா என்று பிந்தி வரும் நாளில் கோழியை அன்று வெளியே விடாதீர்கள்.

நஞ்சும் மின்சாரமும் வேண்டாம்

செத்த கோழியில் நஞ்சு தடவி வைப்பது அயல் வீட்டு நாயையும் பூனையையும் கொல்லும், நஞ்சு தின்ற எலியைக் கவ்விய பருந்தும் சாகும். வீட்டு மின்சாரத்தை வேலிக் கம்பியில் கொடுத்து மனிதரே செத்திருக்கிறார்கள். அது குற்றம், எந்தக் கோழியும் அதற்கு ஈடல்ல. உடும்பு 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பிராணி. கீரியையும் மரநாயையும் அடித்துத் தீர்க்கப் பார்ப்பதும் வீண். ஒன்று போன இடத்துக்கு இன்னொன்று வரும், கீரி குறைந்த வளவில் எலியும் பாம்பும் கூடும். வனசீவராசிகள் திணைக்களத்திடம் கேட்காமல் பொறி வைத்துப் பிடித்து வேறு ஊரில் விடவும் வேண்டாம். கீரி, நரி, நாய் எது உங்களைக் கடித்தாலும் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குப் போய் விசர்நாய்க்கடி ஊசி பற்றிக் கேளுங்கள்.

இழப்பு நடந்த அன்று

வந்தது மறுபடி வரும், அனேகமாக அடுத்த இரவே. பொழுதுபடுமுன் வழியைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒருவர் கூட்டுக்குள் ரோச் லைட் பிடிக்க, மற்றவர் இருட்டில் வெளியே சுற்றி வரட்டும். வெளிச்சம் கசியும் ஒவ்வோர் இடமும் சந்தேகத்துக்குரியது. பெருவிரல் நுழையும் ஓட்டை எதையும் விடாதீர்கள். அன்றிரவுக்குள் திருத்த முடியாவிட்டால் கோழிகளைக் கடகத்திலோ பெட்டியிலோ போட்டு, கதவுள்ள அறையில் வையுங்கள்.

காயப்பட்ட கோழியைத் தனியே பிரியுங்கள், இரத்தத்தைக் கண்டால் மற்றவை கொத்தும். காயத்தைச் சுற்றி இறகை வெட்டி, கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரால் கழுவுங்கள். இலையான் மொய்க்காமல் நிழலில், மறைப்பில் வையுங்கள். பல் ஆழமாக இறங்கிய காயம் வெளியே சின்னதாகத் தெரிந்தாலும் உள்ளே சீழ் பிடிக்கும். அடுத்த நாளும் தீனி எடுக்காவிட்டால் பிரதேச அரச கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோங்கள். செத்தவற்றை 2 அடி ஆழத்தில், சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். கல் முட்டி அந்த ஆழம் கிடைக்காத வளவில் கிடைத்த ஆழத்தில் புதைத்து, மேலே பெரிய கல் பாரமாக வையுங்கள், மேலோட்டமாகப் புதைத்ததை அன்றிரவே நாய் கிண்டி எடுத்து அந்த ருசியோடு கூட்டடிக்கு வரும். பேடுகள் பயத்தில் ஒன்றிரண்டு கிழமைக்கு முட்டையைக் குறைக்கும். தீனியை மாற்றாமல், கூட்டை இடம் மாற்றாமல் விட்டால் தானாகத் திரும்பும்.